வாசிக்காமல் விட்ட சீட்டு

திண்டுக்கல்
10-9-1998

ஓடிப்போனவள் என்று ஊர் சொல்லும் என் அக்கா பிரிஸ்கில்லாவுக்கும், ஓட்டிப்போன மாமா பாண்டியராஜுக்கும், கூடப்போன மூன்று ஜீவன்களுக்கும், பதினொன்றாம் வகுப்பு ஷைனி எழுதுவது.

நலமா என்று கேட்க மாட்டேன். நேற்று காலை பத்து மணிக்குத் தெருவே நின்று வேடிக்கை பார்க்க, பூ ஏற்றுகிற வேனில் ஹாரன் அடித்துக்கொண்டு போன ஆட்கள் நலமாகத்தான் இருப்பார்கள். வேன் முக்கு திரும்பியதும் எதிர்வீட்டு ஒச்சம்மாள் அத்தை அம்மாவிடம் கேட்டது இது: "ஏங்க, ஓடிப்போறவுக கோழியையுமா தூக்கிட்டுப் போவாக?" அம்மா, "அடுப்புல வெஞ்சனம் கருகுது" என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பே பற்ற வைக்கவில்லை.

அப்பா சட்டம் போட்டுவிட்டார். "இனி இந்த வீட்டுல அவ பேரை யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தா நான் சோத்துல கை வைக்க மாட்டேன்." சட்டம் போட்டவரே மாட்டிக்கொண்டு முழிக்கிறார். இன்று காலை குடையைத் தேடினார். அது நீ வைத்திருந்த குடை. "அந்த... அது... போனது வச்சிருந்த குடை எங்க?" என்றார். ஆக, உன் புதுப் பேர் 'போனது'. பழைய பேரைக் குறை சொல்லவும் முடியாது. எடுத்த எடுப்பிலேயே 'பிரி' என்று இருக்கிறது. ஞானஸ்நானம் கொடுக்கும்போதே அப்பா கவனித்திருக்க வேண்டும்.

இப்போது என் பந்தயத்தைக் கேள். மாமாவுக்கு வேலை கிடைத்த வடநாட்டுக் கர்னாலுக்கு நீங்கள் போய்ச் சேருவதற்குள் அப்பா வாயாலேயே உன் பேரைச் சொல்ல வைக்கிறேன். முடியாவிட்டால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன். ஷைனி என்று வைத்ததால் நான் ஒன்றும் பளபளத்துவிடவில்லை.

நீ எழுதிக் கொடுத்த ஊர்ப் பட்டியலைப் பார்த்து, 'மைசூர் தலைமைத் தபால் நிலையம், போஸ்ட் மாஸ்டர் பொறுப்பில்' என்று முகவரி போட்டிருக்கிறேன். நீ பதிலை என் தோழி ஜீவிதா வீட்டுக்கே போடு. ஜீவிதாவின் அம்மாவுக்குக் கடிதம் என்றாலே பயம். பிரிக்கவே மாட்டார்கள்.

தாசில்தார் எப்படி இருக்கிறான்? ஏதாவது கொடுத்தால்தான் படுத்த இடத்தை விட்டு எழுந்திருப்பான் என்றுதானே அந்த நாய்க்கு அப்படிப் பேர் வைத்தேன். வேனில் ஏற என்ன கொடுத்தீர்கள்? பூனை மதர் எல்லாரையும் பாவிகளைப் போலவே பார்க்கிறாளா? கோழி பொன்னுத்தாயி முட்டை விட்டதா?

இப்படிக்கு
விட்டுவிட்டுப் போகப்பட்ட
ஷைனி


மைசூர்
15-9-1998

அன்புள்ள ஷைனி,

விளையாட்டுக்குக்கூட 'ஓடிப்போனவள்' என்று எழுதாதே. ஓடுகிறவர்கள் நேர்வழியில் ஓடுவார்கள். உன் மாமாவுக்குக் கர்னால் மாட்டுப் பண்ணையில் நவம்பர் இரண்டாம் தேதிதான் வேலை. ரயிலில் போனால் மூன்று நாள். நாங்கள் ஏழு வாரம் எடுத்துக்கொண்டு வழியில் இருப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு போகிறோம். ஏன் என்று ஒச்சம்மாள் அத்தை கேட்டால் சொல்: ஒளிந்து போகிறவர்கள் அரண்மனை பார்க்க நிற்க மாட்டார்கள்.

அரண்மனையைப் பார்த்தோம். பாதி பாதியாக. நாயை உள்ளே விடமாட்டார்கள், வேனில் மூன்றையும் தனியாக விடவும் முடியாது. முதலில் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். பிறகு அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். நான் பார்த்த அரண்மனையில் ஓவியங்கள் இருந்தன. அவர் பார்த்த அரண்மனையில் யானைகள் மட்டும்தான் இருந்தன. கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர் வேறு எதைப் பார்ப்பார். ஒரு யானைக்கு நகத்தில் புண் என்று பாகனுக்கு மருந்து சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

லாட்ஜ்காரர் தமிழ் பேசினார். "நாய் உள்ள வரக் கூடாது" என்றார். உன் மாமா, "சரிங்க. நாயும் நாங்களும் வெளிய தங்கிக்கிறோம். பாத்ரூமுக்கு மட்டும் சாவி குடுங்க" என்றார். கொடுக்கவில்லை. பெட்ரோல் பங்க் ஓரம் வேனிலேயே தூங்கினோம். நிலக்கோட்டை மல்லிகை வாசம் இன்னும் வேன் தகரத்தில் இருக்கிறது. பொன்னுத்தாயி ஒரு முட்டை விட்டது, என் செருப்புக்குள்.

பந்தயத்தை நிறுத்து. அப்பா என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை ஞானஸ்நானம் வாங்கட்டும், கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்து தருகிறேன் என்றார். கல்யாணத்துக்காகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறவன் நாளைக்கு வேறு எதற்காகவும் எதை வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்வான் என்றார் உன் மாமா. எனக்கு இரண்டாவது பேச்சுதான் பிடித்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டேன். அதற்காக அப்பா என் பேரை எடுக்க மாட்டேன் என்றால் எடுக்க வேண்டாம். எடுக்கிற அன்றைக்கு அவராக எடுக்கட்டும். எனக்குப் பிச்சையும் வேண்டாம், நீ பிடுங்கித் தரவும் வேண்டாம்.

தபால் நிலையத்தில் எனக்கு ஒரே ஒரு கடிதம்தான் இருந்தது, உன்னுடையது. கிளார்க்கை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். ஏன் என்று கேட்காதே.

பிரிஸ்கில்லா


திண்டுக்கல்
22-9-1998

அக்கா,

தப்பு நடந்துவிட்டது. தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன். வருத்தப்படுகிறேன் என்று இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால், யார் யார் எதற்காக வேண்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்ற சீட்டுகளை அப்பா மைக்கில் வாசிப்பாரே, பத்தொன்பது வருஷமாக, ஒரு சீட்டைக்கூட விடாமல். ஒருமுறை பேச்சாயி அக்கா, 'பக்கத்து வீட்டுச் சேவல் என் கூரையில் ஏறாதிருக்க' என்று எழுதிப் போட்டதைக்கூடச் சிரிக்காமல் வாசித்தவர். பங்குச்சாமி சூசைராஜ் கேட்டதற்கு அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? "கேக்குறது அவுக. குடுக்குறது சாமி. நான் வெறும் வாய். வாய்க்கு முன்னாடி வந்ததை ருசி பாத்துத் தள்ளி வைக்க நான் யாரு?"

அந்த வாயைத்தான் பிடித்தேன். சனிக்கிழமையே அப்பா சீட்டுகளை அடுக்கிக் கிளிப் போட்டு வைத்துவிடுவார். ஞாயிறு காலை பாட்டுக் குழுவுக்குப் போகிற சாக்கில் நடுவில் என் சீட்டைச் செருகினேன். அப்பா பேரையே போட்டு இடது கையால் எழுதியது:

'கேட்பவர்: அந்தோணிமுத்து ஆசிரியர் குடும்பம். கருத்து: பாண்டியராஜ், பிரிஸ்கில்லா, தாசில்தார், மதர், பொன்னுத்தாயி ஆகியோரின் பயணம் நலமாய் முடிய.'

ஐந்து சீட்டு வாசித்தார். ஆறாவது என்னுடையது. "கேட்பவர்" என்றார். நின்றார். மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். சீட்டை எடுத்துக் கடைசியில் வைத்துவிட்டு, "அடுத்த கருத்து" என்றார். அந்த அடுத்த கருத்து யாருடையது என்று கோயிலில் ஒருவருக்கும் காதில் ஏறவில்லை. ஆர்மோனியத்தில் இருந்த பெலிக்ஸ் அண்ணன் பாட்டையே தப்பாக எடுத்தார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இன்னொரு சீட்டு எழுதியிருப்பேன். நேற்று அப்பா பங்குச்சாமி பங்களாவுக்குப் போய் அவர் கையில் கிளிப்பைக் கொடுத்துவிட்டாராம். "பத்தொம்பது வருசத்துல ஒரு சீட்டை விட்டுட்டேன் சாமி. இனி இந்த மைக்கு எனக்கு ஆகாது." சாமியார் எவ்வளவோ சொன்னாராம். கேட்கவில்லை. இனிமேல் பெலிக்ஸ் அண்ணன் வாசிப்பார்.

உன் பேரைச் சொல்வதைவிட மைக்கை விடுவது அவருக்கு லேசாக இருந்திருக்கிறது. உனக்குப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டாம்.

ஷைனி


ஹோஸ்பேட்
28-9-1998

ஷைனி,

ஹம்பியைப் பற்றி நாலு பக்கம் எழுதலாம் என்று வாங்கிய தாள் இது. எழுதப்போவதில்லை.

வெள்ளிக்கிழமையே போய்ச் சீட்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டு வருவார் அப்பா. சனிக்கிழமை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தப் பேர்களைச் சொல்லிப் பார்ப்பார். யார் பேரையும் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதென்று. உனக்கு அது வேடிக்கை. எனக்கு அவரிடம் பிடித்ததே அது ஒன்றுதான். என் பேரை வைத்து அதை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டாய். பிடுங்காதே என்று எழுதியிருந்தேன்.

இன்னொன்று. இதுவரை அவர் வீட்டுக்குள் மட்டும்தான் என் பேரைத் தள்ளி வைத்திருந்தார். நீ அதைக் கோயில் நடுவில் செய்ய வைத்தாய். செய்ய வைத்ததுமில்லாமல் எனக்கு எழுதியும் அனுப்பினாய். மூச்சு மட்டும் கேட்டதென்று. அதையும் சேர்த்துத்தான் இனி நான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

போய் ஒத்துக்கொள். அதுவரை எனக்கு எழுதாதே.

பிரிஸ்கில்லா

(ஷைனி, நான் பாண்டியராஜ். உங்க அக்கா ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலை. தாசில்தாரும் கூடச் சேர்ந்து உண்ணாவிரதம். நீ எழுது. திட்டு விழுந்தா நான் வாங்கிக்கிறேன்.)


திண்டுக்கல்
4-10-1998

எழுதாதே என்ற அக்காவுக்கு எழுதுவது.

அப்பா பேச்சையே கேட்காதவள் நீ. உன் பேச்சை நான் மட்டும் கேட்க வேண்டுமா?

நீ போனாய். நன்றாகத்தான் போனாய், ஹாரன் அடித்துக்கொண்டு. உனக்கு அரண்மனையும் ஹம்பியும். எனக்கு மிஞ்சியது ரெண்டு ஊமைகளும் ஒரு காலிக் கட்டிலும். நாயாவது இருந்திருந்தால் அதோடு பேசியிருப்பேன். அதையும் கூட்டிக்கொண்டு போனாய். பேர் வைத்தது நான். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிடுவது நீங்கள்.

சாயந்திரச் செபத்தின் முடிவில் வீட்டில் உள்ளவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டுவோமே. இப்போதும் சொல்கிறோம். உன் பேர் வரும் இடத்தில் அம்மா இருமுகிறாள். தினமும் அதே இடத்தில் அதே இருமல். முதலில் சளி என்று நினைத்தேன். சளி இத்தனை ஒழுங்காக வராது. அப்பா இருமல் முடியும்வரை காத்திருந்து அடுத்த பேருக்குப் போகிறார். இந்த வீட்டில் நான் இருக்கிறேன், அக்கா. நீ இல்லை.

இன்று பெலிக்ஸ் அண்ணன் வாசித்தார். சவரிமுத்து தாத்தாவின் எண்பதாவது பிறந்த நாளை இறந்த நாள் என்று வாசித்துவிட்டார். தாத்தா முதல் பெஞ்சில் எழுந்து நின்று, "நான் இன்னும் போகலப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். கடைசிப் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பெலிக்ஸ் அண்ணன் தடுக்கி விழுந்த பேரையெல்லாம் அவர் உதடு மட்டும் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தச் சீட்டில் என்ன பொய்? கேட்பவர் அந்தோணிமுத்து ஆசிரியர் குடும்பம் என்று எழுதினேன். கேட்டது நான். நான் குடும்பம் இல்லையா?

ஷைனி


பீஜாப்பூர்
10-10-1998

ஷைனி,

நீ குடும்பம்தான். அந்த ஒரு வரிக்கு என்னிடம் பதில் இல்லை. உன்னை வீட்டில் விட்டுவிட்டு வந்ததற்கும் இல்லை. நாயைக் கொண்டுவந்ததற்கு மட்டும் உண்டு: உன் மாமா இல்லாமல் அது சாப்பிடாது.

வேனில் ரேடியேட்டர் போய் இங்கே நாலு நாளாக நிற்கிறோம். மெக்கானிக் தன் ஸ்டூலை விட்டு எழுந்த நேரத்தில் பொன்னுத்தாயி அதன்மேல் ஏறி முட்டை விட்டுவிட்டது. அவர் அதைக் கையில் எடுத்துச் சிரித்து, கூலியில் கழித்துக்கொள்கிறேன் என்று சைகை காட்டினார்.

கோல் கும்பாஸ் பார்த்தேன். பிரம்மாண்டமான குவிமாடம். மேலே உள்புறமாகச் சுற்றி ஒரு நடைபாதை. இந்தப் பக்கம் ஒருவர் சுவரில் வாய் வைத்து ரகசியம் சொன்னால் அந்தப் பக்கம் நிற்பவர் காதில் விழும். அதைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். எங்களுக்குத்தான் எதையும் இரண்டு பேராகப் பார்க்க வழியில்லையே. உன் மாமா கீழே வேனில் இருந்தார். நான் மட்டும் ஏறினேன். எல்லாரும் ஜோடி ஜோடியாக ரகசியம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் பேரைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

ஏழு தடவை திரும்பி வந்தது. எண்ணினேன். நம் வீட்டில் ஒரு தடவைகூட வராத பேர்.

இறங்கி வந்து இதை உன் மாமாவிடம் சொன்னேன். அவர் ஏறிப் போய்த் திரும்பி வந்தார். நீங்க என்ன சொன்னீங்க என்றேன். "தாசில்தாரைக் கூப்பிட்டேன். இங்க குரைச்சானா?" என்றார். இந்த மனிதரோடுதான் நான் வந்திருக்கிறேன். மறுபடி கேட்டாலும் இவரோடுதான் வருவேன்.

நீ ஒத்துக்கொள் என்று இப்போது உத்தரவு போடவில்லை. ஒன்றை மட்டும் யோசி. அந்தச் சீட்டை யார் எழுதியதென்று தெரியாமல் அப்பா ஊரில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். எவனோ தன்னை அவமானப்படுத்தினான் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அது எதிரி இல்லை, சின்ன மகள்தான் என்று தெரிந்தால் கோபம் வரும். ஆனால் கோயிலுக்குள் நிமிர்ந்து நடப்பார்.

அடுத்த கடிதத்தை ஆக்ராவுக்கு எழுது. நடுவில் எல்லோராவும் சாஞ்சியும்.

பிரிஸ்கில்லா


திண்டுக்கல்
16-10-1998

அக்கா,

ஒத்துக்கொண்டேன். உனக்காக இல்லை. நிமிர்ந்து நடப்பார் என்று எழுதினாயே, அதற்காக.

அப்பா காலாண்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்பு மைப் பேனா கையில். எதிரில் போய் நின்றேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா, அந்தச் சீட்டை எழுதினது நான்."

"தெரியும்."

"இடது கையில எழுதினேன்."

"கை இடது. புத்தி உன்னோடது. வேற எவ நாய் பேரையும் கோழி பேரையும் கோயில்ல வாசிக்கச் சொல்லுவா?"

"அப்ப என்னை ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "நீ எழுதினதுக்கா நான் மைக்கை விட்டேன்? நான் வாசிக்காம விட்டதுக்கு விட்டேன். எழுதுறது உன் சேட்டை. வாசிக்கிறது என் வேலை. நான் என் வேலையைச் செய்யல. தப்பு என் பக்கம் புள்ள."

எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். இதை வாங்கிப் பழக்கமில்லை.

"சீட்டைக் கிழிச்சுட்டீகளா?" என்றேன்.

சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "கிழிக்க நான் யாரு? போ, போய்ப் படி."

அக்கா, சீட்டு அவர் பையில் இருக்கிறது. உள்ளே வந்து யோசித்தேன். அந்தச் சீட்டு கேட்பது பயணம் நலமாய் முடிய. நீங்கள் கர்னாலில் இறங்கிவிட்டால் அதற்குப் பிறகு அதை வாசிக்க வேலையே இல்லை. அதனால் கொஞ்சம் மெதுவாகப் போயேன். தாஜ்மகாலை நாலு பக்கமும் நின்று பார். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்குமாம், ஆனாலும் பார்.

மெதுவாக ஓட்டச் சொல்லி மாமாவிடமும் சொல். அவரை ஓட்டிப்போனவர் என்று எழுதியதற்காக இதை மட்டும் செய்யச் சொல்.

ஷைனி


ஆக்ரா
23-10-1998

ஷைனி,

யாருக்காகவும் நான் வேகத்தைக் குறைப்பதில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எல்லோராவில் அவர் பாதி, நான் பாதி. ஒரே மலையைக் கோயிலாகக் குடைந்திருக்கிறார்கள். சாஞ்சியில் மதர் ஒரு பிக்குவின் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவரையும் பாவியைப் போலவே பார்த்தாள். தீபாவளியன்று போபாலில் இருந்தோம். வெடிச் சத்தத்துக்குத் தாசில்தார் வேன் அடியில் புகுந்தான். ஒரு நாள் முழுக்க வெளியே வரவில்லை. எதைக் கொடுத்தும் எழுந்திருக்கவில்லை. உன் மாமா கடைசியில் தானும் வேன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள்.

இங்கே ஒரு டீக்கடை அம்மாள், மூன்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் போய்ப் பாருங்கள் என்றார். கிளம்பிய நாளிலிருந்து முதல் முறையாக ஒன்றாக நடந்து போய் ஒன்றைப் பார்த்தோம். தாஜ்மகால் அழகுதான். ஆனால் திரும்பி வந்து ஒருவருக்கொருவர் சொல்ல ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. எனக்குப் பாதி பாதியாகப் பார்ப்பதே பழகிவிட்டது போலிருக்கிறது.

கர்னால் இங்கிருந்து ஒரு நாள் ஓட்டம். ஆனால் தாசில்தாருக்குக் காலில் சுளுக்கு. முப்பதாம் தேதிவரை இங்கேதான். சும்மா இருப்பானேன் என்று பதேபூர் சிக்ரி இரண்டு முறை பார்த்தாகிவிட்டது. நாளைக்கு மூன்றாம் முறை. சுளுக்கு எந்தக் காலில் என்று உன் மாமா கேட்டார். எனக்கு நினைவில்லை.

தபால் நிலையத்தில் ஒரு கடிதம்தான்.

பிரிஸ்கில்லா


திண்டுக்கல்
25-10-1998

கர்னால்வாசியாகப் போகும் அக்காவுக்கு,

உன் பேர் வந்துவிட்டது. உட்கார்ந்து படி.

இன்று பெலிக்ஸ் அண்ணன் எல்லாச் சீட்டையும் வாசித்து முடித்தார். மணி அடிக்க வேண்டிய நேரம். கடைசிப் பெஞ்சில் இருந்து அப்பா எழுந்தார். நடு வழியாக நடந்து போனார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பீடத்து ஓரம் ஏறினார். பெலிக்ஸ் அண்ணன் தானாக விலகினார். அப்பா மைக்கைப் பிடித்து, "ஒரு சீட்டு பாக்கி இருக்கு" என்றார்.

சட்டைப் பையில் இருந்து எடுத்தார். பிரித்தார்.

"கேட்பவர், அந்தோணிமுத்து ஆசிரியர் குடும்பம். கருத்து: பாண்டியராஜ், பிரிஸ்கில்லா, தாசில்தார், மதர், பொன்னுத்தாயி ஆகியோரின் பயணம் நலமாய் முடிய."

இறக்கமும் இல்லை, ஏற்றமும் இல்லை. மற்றவர்கள் பேரை வாசிப்பது போலத்தான் வாசித்தார். திக்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று குளியலறையில் குழாய் அரை மணி நேரம் திறந்தே இருந்தது. தண்ணீரை வீணாக்குகிறார் என்று அம்மா முணுமுணுத்தாள். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்திருந்தாள். இருமவில்லை.

பூசை முடிந்து வெளியே சவரிமுத்து தாத்தா பிடித்துக்கொண்டார். "வாத்தியாரே, மருமகன் தாசில்தார்கூடவா போயிருக்காரு? சொல்லவே இல்லையே."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆமா. ஒரே வண்டியிலதான் போறாக" என்றார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. எனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்றும் இனி யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டாம்.

சாமியார் கிளிப்பைக் கொண்டுவந்து அப்பா கையில் வைத்தார். அப்பா வாங்கி, வாசித்த சீட்டை அதில் மாட்டினார். அடுத்த வாரத்திலிருந்து அப்பாதான் வாசிப்பார். பெலிக்ஸ் அண்ணனைவிடச் சவரிமுத்து தாத்தாவுக்குத்தான் நிம்மதி.

வீட்டுக்கு வந்ததும் நான், "அப்பா, அக்கா பேரைச் சொல்லிட்டீக" என்றேன்.

"சீட்டுல இருந்துச்சு. வாசிச்சேன். அம்புட்டுத்தான்."

சாயந்திரம் மழை தூறியது. "அந்தப் போனதோட குடையை எடு" என்றார். பந்தயத்தில் நான் ஜெயித்தேனா தோற்றேனா, நீயே தீர்ப்பு சொல்.

சீட்டை இதோடு அனுப்புகிறேன். கிளிப்பிலிருந்து எடுத்தது. எடுத்தது என்றால் திருடியது.

ஷைனி


கர்னால்
4-11-1998

ஷைனி,

இந்தக் கடிதம் ஜீவிதா வீட்டுக்கு வராது. நம் வீட்டு முகவரிக்கே போட்டிருக்கிறேன். முதலில் யார் பிரித்தாலும் படிக்கலாம். ஒளிந்து எழுத நான் ஒன்றும் ஒளிந்து வரவில்லை.

ஒன்றாம் தேதி வந்து சேர்ந்தோம். வீட்டுக்கு முன்னால் வேப்பமரம். தாசில்தார் வந்த உடனே அதன் அடியைப் பிடித்துக்கொண்டான். மதர் பக்கத்து வீட்டாரை ஒவ்வொருவராகப் பார்த்து முடித்தாள், யாரும் தேறவில்லை. உன் மாமா வேலையில் சேர்ந்துவிட்டார். பண்ணையில் உள்ள மாடுகளுக்கு அவர் தமிழ் புரிகிறதாம். எனக்கு இங்கே இன்னும் வேலை கிடைக்கவில்லை. தேடுகிறேன், கிடைக்கும்.

தபால் நிலையத்தில் உன் கடிதம் இருந்தது. அங்கேயே நின்று பிரித்தேன். சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதியது உன் இடது கை. மடித்தது அப்பா. எட்டாக மடித்திருக்கிறார். மடிப்புகளில் தாள் பஞ்சு போல நைந்திருக்கிறது. மடித்துப் பைக்குள் வைத்த தாள் ஒரு மாதத்தில் தானாக இப்படி நையாது. எடுத்து எடுத்துப் பிரித்தால்தான் நையும். என் பேர் இருக்கும் இடத்தில் வேர்வை பட்டு மை கலைந்திருக்கிறது. ஆனாலும் படிக்க முடிகிறது.

பந்தயத்துக்குத் தீர்ப்பு: நீ தோற்றாய். நீ சொல்ல வைக்கவில்லை. அவராக எழுந்து போய்ச் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. செய்ததில் எனக்கு வருத்தம் இல்லை. மறுபடியும் அதே வேனில், அதே ஹாரனோடுதான் கிளம்புவேன். வீட்டுக்குள் என்னைப் 'போனது' என்றே கூப்பிடட்டும். போனது உண்மைதானே.

இதோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். இது கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமைச் சீட்டுக் கட்டோடு சேர்த்துவிடு. நடுவில் செருக வேண்டாம், மேலேயே வை. வலது கையால்தான் எழுதியிருக்கிறேன்:

'கேட்பவர்: பாண்டியராஜ், பிரிஸ்கில்லா, கர்னால். கருத்து: திண்டுக்கல் அந்தோணிமுத்து ஆசிரியர், வியாகுலம்மாள், ஷைனி ஆகியோர் நலமாய் இருக்க. வியாகுலம்மாளின் இருமல் குணமாக.'

எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும். கேட்கிறது நாங்கள். அவர் வெறும் வாய்.

அம்புட்டுத்தான்.

பிரிஸ்கில்லா